இரண்டாவது தட்டு

கொடைக்கானலில், அட்டுவம்பட்டியைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில், யூகலிப்டஸ் மரங்களுக்கு நடுவே ஒரு தியான இல்லம் இருக்கிறது. கிறிஸ்தவத் துறவிகள் சிலர் நடத்துகிறார்கள். சென்ற தை மாதம் என் மகள் பத்து நாள் மௌனப் பயிற்சிக்கென்று அங்கே போனாள். பத்து நாள் முடிந்ததும் போன் செய்து, இன்னும் கொஞ்ச நாள் இருந்துவிட்டு வருகிறேன் என்றாள். அவளுக்கு இருபத்தைந்து வயது. கோயம்புத்தூரில் பார்த்த வேலையை அப்போதுதான் விட்டிருந்தாள். வேண்டாம் என்று சொல்ல எங்களிடம் ஒரே ஒரு காரணம் இருந்தது. அதை நாங்கள் வீட்டில் வாய்விட்டுச் சொல்வதில்லை.

நான்கு வருடங்களுக்கு முன், கல்லூரிக் கடைசி ஆண்டில், அவள் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டே வந்தாள். கடைசியில் கிட்டத்தட்ட நிறுத்திவிட்டாள். மதுரையில் ஒரு மருத்துவர் அதற்கு ஒரு பெயர் சொன்னார். இது அடம் இல்லை, நோய் என்றார். சாப்பாட்டு நேரத்தில் சண்டை போடாதீர்கள் என்றும் சொன்னார். அதற்குள் நாங்கள் ஒரு வருடம் சண்டை போட்டு முடித்திருந்தோம். ஒரு முறை தட்டு சுவரில் போய் விழுந்தது. எறிந்தவள் நான். அவள் மெல்ல மெல்லத் தேறினாள். ஆனால் அவள் எழுந்த பிறகு தட்டில் என்ன மிச்சம் இருக்கிறது என்று பார்க்கும் பழக்கம் எனக்கு இன்னும் போகவில்லை.

நான் பழனியில் மேல்நிலை வகுப்புகளுக்கு வேதியியல் எடுக்கிறேன். கணவர் அடிவாரத்தில் யாத்ரீகர் விடுதி நடத்துகிறார். விடுதி என் அப்பா காலத்திலிருந்து இருப்பது. நான் வளர்ந்ததே அங்கேதான்.

மகளைக் கொண்டுபோய் விட்டது நான்தான். தியான அறையைப் பார்த்தபோது, இது கிறிஸ்தவர்கள் இடம் என்பதற்குச் சுவரில் இருந்த ஒரு சின்ன மரச்சிலுவையைத் தவிர வேறு அடையாளம் இல்லை. கோரைப் பாய்கள், மடித்த கம்பளிகள், நடுவில் ஒரு குத்துவிளக்கு. ஏழெட்டுப் பேர் சம்மணமிட்டு, முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார்கள். இல்லத்துக்குப் பொறுப்பான சிஸ்டருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். அவர் வராந்தாவில் வைத்து எனக்கு விளக்கினார். ஒரு வரிப் பிரார்த்தனை. மூச்சு உள்ளே போகும்போது கிறிஸ்துவின் பெயர். வெளியே வரும்போது, என்மேல் இரங்கும் என்ற வேண்டுதல். நாள் போகப் போக உதடு நின்றுவிடும். மனம் மட்டும் சொல்லும். பிறகு மூச்சே சொல்லிக்கொள்ளும் என்றார்.

எனக்கு ரத்த அழுத்தம் உண்டு. அதற்காகப் பழனியில் ஒரு யோகா வகுப்புக்கு இரண்டு வருடம் போனேன். அங்கே மூச்சு உள்ளே போகும் ஓசையை ‘ஸோ’ என்றும் வெளியே வரும் ஓசையை ‘ஹம்’ என்றும் கவனிக்கச் சொல்வார்கள். பிறகு நாம் சொல்ல வேண்டாம், மூச்சே சொல்லும் என்பார்கள். கிட்டத்தட்ட அதே வார்த்தைகள். இதைச் சிஸ்டரிடம் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவில்லை. உள்ளே போய், எகிப்துப் பாலைவனத்தில் ஆதிக்காலத்தில் வாழ்ந்த துறவிகளைப் பற்றிய ஒரு மெல்லிய புத்தகத்தை எடுத்து வந்து கொடுத்தார்.

அதைத் திரும்பும் பஸ்ஸில் படிக்கத் தொடங்கினேன். பழனிச் சாலையின் வளைவுகளில் படித்தால் குமட்டும் என்று தெரிந்தும் படித்தேன். அவள் போயிருக்கும் பாதை எங்கே போகிறது என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும். அவள் செய்வது பிரார்த்தனையா, அல்லது பழைய நோய் புது வேஷத்தில் வந்திருக்கிறதா? நான் கேட்டுக்கொண்டது இதை மட்டும்தான். அவள் மதம் மாறுவாளா என்பது உறவினர்கள் கேட்ட கேள்வி. என் கணவர் எதையும் கேட்கவில்லை. நான் வீட்டுக்குள் வந்து செருப்பைக் கழற்றும்போது, “சாப்புட்டாளா?” என்று மட்டும் கேட்டார்.

பள்ளியில் மிச்சமான ஒரு ரெக்கார்டு நோட்டில் பக்கத்தை இரண்டாகக் கோடு போட்டுப் பிரித்தேன். இடது பக்கம் அவர்கள், வலது பக்கம் நாம். இது என் தொழில் புத்தி. எதையும் அட்டவணையாக்கினால் பயம் கொஞ்சம் அடங்கும். மூச்சும் பெயரும் முதல் வரியில் வந்தன. அந்த மூச்சு முறையை விரிவாக எழுதிவைத்தவர்கள் பல நூற்றாண்டு கழித்து வந்தவர்கள் என்று புத்தகம் சொன்னது. அவர்கள் தாடையை மார்பில் பதித்து, பார்வையை நெஞ்சுக்குள் இறக்கி உட்காருவார்களாம். எங்கள் யோகா வகுப்பிலும் தாடையை மார்பில் பதித்து மூச்சைப் பூட்டும் ஒரு பந்தம் உண்டு.

இரண்டாவது வரி, இருக்கை. பாலைவனத்துக்காரர்களுக்குத் தங்கள் குடிலை விட்டு எழுந்து போகாமல் இருப்பதே பாதிப் பயிற்சி. கையால் ஓலைப் பாய் முடைந்துகொண்டே இருப்பார்கள். நம் பக்கம் ஆசனம் என்று எழுதினேன்.

மூன்றாவது, எண்ணங்கள். மனத்தைக் கலைக்கும் எண்ணங்களை எட்டு என்று அவர்கள் வகுத்திருந்தார்கள். வருகிற எண்ணத்தோடு மல்லுக்கு நிற்காமல், அது எது, எங்கிருந்து வருகிறது என்று அடையாளம் காண வேண்டும். யோகத்தில் சாட்சியாக இருப்பது என்கிறோம். எட்டில் ஒன்று நடுப்பகலில் வரும் சலிப்பு. சூரியன் நகரவே நகராததுபோல் தோன்றும். துறவி குடிலுக்கு வெளியே வந்து சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டதா என்று பார்ப்பான். வேறு ஊருக்குப் போனால் நன்றாகத் தியானம் கூடும் என்று நினைப்பான். பழனியில் மதியச் சாப்பாட்டுக்குப் பிந்தைய முதல் பீரியடில் இதை நாற்பது முகங்களில் நான் தினமும் பார்க்கிறேன். வலது பக்கம் மந்தம், சோம்பல், சந்தேகம் என்று யோகம் சொல்லும் தடைகளை எழுதினேன்.

நான்காவது வரியை இரண்டு முறை அடிக்கோடிட்டேன். எட்டு எண்ணங்களில் முதலாவது உணவு. நிறைய உண்பதைப் போலவே மிகக் குறைவாக உண்பதும் தவத்தைக் கெடுக்கும் என்று இரண்டு பக்கமும் சொல்கிறது. யாருக்கும் சொல்லாமல் தனியாக நோன்பைக் கூட்டிக்கொண்டே போகிறவனை அந்தப் பழைய துறவிகள் மெச்சவில்லை. அவனைக் கண்டு பயந்தார்கள். அவனைப் பிடித்துவந்து எல்லோரோடும் உட்காரவைத்துச் சாப்பிடச் செய்தார்கள். மதுரை மருத்துவர் சொன்னதற்கு மிக நெருக்கமாக இருந்தது.

ஐந்தாவது வரி விருந்தினர். நோன்பிலும் மௌனத்திலும் இருக்கும் துறவியிடம் ஒரு விருந்தினர் வந்தால், துறவி நோன்பை அங்கேயே விட்டுவிட்டு, பேசி, விருந்தினரோடு உட்கார்ந்து சாப்பிடுவார். அவர் போன பிறகு நோன்பைத் தொடர்வார். இதற்கு நிகராக வலது பக்கம் எழுத எனக்கு எதுவும் கிடைக்கவில்லை. விருந்தோம்பல் நம்மிடம் உண்டு. ஆனால் எங்கள் ஊரில் விரதத்தில் இருப்பவர் விருந்தினருக்குப் பரிமாறுவார். தான் சாப்பிட மாட்டார். அந்தக் கட்டத்தை வெற்றாக விட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போனேன்.

மாசியில் அவர்களுடைய தவக்காலம் தொடங்கியது. மகள் போனைச் சிஸ்டரிடம் ஒப்படைத்துவிட்டாள், இனி ஈஸ்டர் வரை மௌனம் என்று செய்தி வந்தது. எங்கள் பக்கம் பங்குனி உத்திரத்துக்கு மாலை போட்டவர்கள் வர ஆரம்பித்திருந்தார்கள். விடுதி முழுக்க விரதக்காரர்கள். வாயில் அலகு பூட்டி மௌனத்தில் இருப்பவர்கள் சிலரும் உண்டு. அவர்களிடம் எப்படி நடக்க வேண்டும் என்பது எனக்கு நடை பழகியபோதே பழகியது. பெயர் சொல்லி அழைக்கக் கூடாது. எதிரே போய் நிற்கக் கூடாது. தண்ணீர்ச் செம்பை வாசலில் வைத்துவிட்டு, வாயைப் பொத்தி ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விட வேண்டும். நம்மால் ஒருவர் விரதம் கலைந்தால் பாவம் நம்முடையது. அப்படித்தான் எங்களுக்குச் சொல்லப்பட்டிருக்கிறது.

அந்த மாசியிலேயே ஒரு சனிக்கிழமை தூக்குச்சட்டியில் புளியோதரையும் உருளைக்கிழங்கும் எடுத்துக்கொண்டு போனேன். இல்லத்தின் முன்வாசலில் ஒரு வெண்கல மணி தொங்கும். வருகிறவர்கள் அதை அடிக்க வேண்டும். நான் அடிக்கவில்லை. பக்கவாட்டில் நடந்து சமையலறைத் திண்டுக்குப் போனேன். மகள் கேரட் பாத்தியில் வாளியோடு நின்றிருந்தாள். மெலிந்திருந்தாள். ஸ்வெட்டரின் தோள் கீழே இறங்கி நின்றது. என்னைப் பார்த்ததும் வாளியைக் கீழே வைத்தாள். நான் வாயைப் பொத்தினேன், கும்பிட்டேன், தூக்குச்சட்டியைத் திண்டில் வைத்தேன், திரும்பி நடந்தேன். பஸ்ஸில் உட்கார்ந்தபோது, சரியாக நடந்துகொண்டோம் என்ற நிறைவுகூட இருந்தது.

மூன்று வாரம் கழித்து இன்னொரு முறை போனேன். அன்று அவள் வேலி வரைக்கும் வந்தாள். முன்னைவிட இளைத்திருந்தாள். மூச்சை எண்ணிக்கொண்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு வேகமாகப் பஸ் நிறுத்தத்துக்கு வந்துவிட்டேன்.

பங்குனி உத்திரத்துக்கு நான்கு நாள் முன்பு காலையில் சிஸ்டர் போன் செய்தார். மகள் தியான அறைப் படிக்கட்டில் மயங்கி விழுந்துவிட்டாள். புருவத்துக்கு மேலே மூன்று தையல். ரத்தத்தில் சர்க்கரையும் உப்பும் மிகக் குறைவாக இருப்பதாக மருத்துவமனையில் சொல்கிறார்கள். விடுதியை விட்டுக் கணவரால் நகர முடியவில்லை. நான் ஒரு காரில் போனேன். மலைக்குப் போகும் வண்டிக்கு வாங்க வேண்டிய இ-பாஸைப் பதிவு செய்யும்போது, வருகையின் நோக்கம் என்று கேட்டிருந்த இடத்தில் என் விரல் சுற்றுலா என்பதை அழுத்தியது. வெகுநேரம் கழித்துத்தான் அது நினைவுக்கு வந்தது.

மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். கையில் சலைன் இறங்கிக்கொண்டிருந்தது. சிஸ்டர் மருத்துவரிடம் போயிருந்தார். வெளி பெஞ்சில் இல்லத்தின் சமையல்கார அம்மாள் உட்கார்ந்திருந்தார். பெரும்பாறைக்காரர், கணவர் அங்கே காப்பித் தோட்டத்தில் வேலை பார்க்கிறார். எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். நான் குடித்து முடிக்கும்வரை பேசவில்லை.

“டீச்சர், ஒண்ணு கேட்டாக் கோவிச்சுக்க மாட்டீங்களே?”

“கேளுங்க.”

“மக மேல உங்களுக்கு என்ன கோவம்?”

“கோவமா? யாரு சொன்னா?”

“யாரு சொல்லணும்? ரெண்டு தடவ வந்தீங்க. தூக்குச்சட்டியத் திண்டுல வச்சீங்க. பிள்ள பாத்துக்கிட்டு நிக்கிது, நீங்க மூஞ்சியத் திருப்பிக்கிட்டுப் போயிட்டீங்க. நான் சன்னல்ல இருந்து பாத்துக்கிட்டுத்தான இருந்தேன்.”

“அவ மௌனத்துல இருந்தா. நோன்பு வேற. விரதத்துல இருக்கறவளக் கலைக்கக் கூடாதுன்னுதான் வந்துட்டேன்.”

அந்த அம்மாள் என்னை ஒரு நிமிடம் பார்த்தார். “கலைக்கத்தான டீச்சர் விருந்தாளி வர்றது” என்றார்.

பிறகு அவரே சொன்னார். அந்த வீட்டு முறை அது. விருந்தாளி வந்து மணி அடித்தால், நோன்பில் இருப்பவர் எழுந்து வந்து பேசலாம், கூட உட்கார்ந்து சாப்பிட வேண்டும். அன்றைக்கு நோன்பு இல்லை. என் மகளுக்கு அது தெரியும். முதல் முறை என்னைப் பார்த்ததும் அவள் வாளியை வைத்துவிட்டுச் சமையலறைக்கு வந்து இரண்டு தட்டு எடுத்துக் கழுவி மேசையில் வைத்திருக்கிறாள். மணிச் சத்தத்துக்காகக் காத்திருந்திருக்கிறாள்.

“ரெண்டாந் தடவையும் அதே மாதிரி ரெண்டு தட்டு. நான்தான் எடுத்து அடுக்குனேன். அதுக்கப்புறந்தான் பிள்ள ராத்திரிச் சோத்தையும் கொறச்சது. தட்டுல போட்டு எடுத்துக்கிட்டுப் போகும், நாய்க்கு வச்சிரும். எனக்கே நாலு நா முன்னதான் தெரிஞ்சுச்சு. சிஸ்டருகிட்டச் சொல்லணும்னு இருந்தேன், அதுக்குள்ள விழுந்துருச்சு.”

நான் காலி டீ டம்ளரைப் பெஞ்சில் வைத்தேன்.

“மணி அங்க சும்மாவா தொங்கிக்கிட்டுக் கெடக்கு? ஒரு தட்டுத் தட்டியிருக்கலாம்ல.” பிறகு என் முகத்தைப் பார்த்துக் குரலை இறக்கிக்கொண்டார். “தூக்குச்சட்டியில இருந்தத நாங்கதான் சாப்புட்டோம். புளியோதரை நல்லாத்தான் இருந்துச்சு. உப்புதான் ஒரு கல்லு கூட.”

வீட்டுக்கு வந்து அந்த நோட்டைத் திறந்து பார்த்தேன். ஐந்தாவது வரி இடது பக்கத்தில், என் கையெழுத்தில், தெளிவாக இருந்தது. நான் அதைப் படித்திருக்கிறேன், புரிந்து எழுதியிருக்கிறேன், வலது பக்கம் நிகர் இல்லை என்று கண்டும் இருக்கிறேன். ஆனால் அவளைப் பார்க்கப் போனபோது நான் வலது பக்கத்து மனுஷியாகத்தான் போனேன்.

அது மட்டும் என்றால் தவறு என்று சொல்லிவிடலாம். இன்னொன்றும் இருந்தது. மணியை அடித்தால் அவள் எதிரே உட்கார வேண்டியிருக்கும். அவள் சாப்பிடுவதைப் பார்க்க வேண்டியிருக்கும். சாப்பிடாவிட்டால் நான் என்ன செய்வேன் என்று எனக்குப் பயம். சுவரில் விழுந்த தட்டின் சத்தம் என் காதில் இன்னும் இருக்கிறது. விரதத்தைக் கலைக்கக் கூடாது என்ற விதி எனக்கு வசதியாக இருந்தது. பக்தியோடு ஓடிவர ஒரு வழி.

சித்திரையும் வைகாசியும் அவள் பழனியில் எங்களோடு இருந்தாள். மதுரை மருத்துவரிடம் மறுபடி போனோம். இதற்கிடையே, அவள் உடம்பு தேறும்வரை மாதந்தோறும் கார்த்திகையன்று தண்ணீர் தவிர எதுவும் தொடுவதில்லை என்று முருகனுக்கு நான் வேண்டிக்கொண்டேன். அவளிடம் சொல்லவில்லை. ஒரு நாள் மாடியில் துணி மடித்துக்கொண்டிருந்தபோது, நோட்டைப் பற்றிச் சொன்னேன். இரண்டு பாதையும் ஒன்றுதானா என்று கேட்டேன்.

“அதெல்லாம் எனக்குத் தெரியலம்மா. உங்க யோகா கிளாஸ்ல மூச்சப் பாத்துக்கிட்டே இருக்கணும். இங்க மூச்சுல ஒருத்தரக் கூப்பிட்டுக்கிட்டே இருக்கணும். கூப்பிட்டா யாராவது வருவாங்கன்னு ஒரு இது. ஆனா ரெண்டுலயும் முட்டி வலிக்குது.”

வைகாசிக் கடைசியில் திரும்பிப் போக வேண்டும் என்றாள். மருத்துவர் சரி என்றார். சிஸ்டர் ஒரு நிபந்தனை வைத்தார். அவளுக்கு இனி எந்த நோன்பும் கிடையாது. ஆதிக் கிறிஸ்தவர்களைப்போல அந்த வீட்டில் புதனும் வெள்ளியும் எல்லோரும் மாலை வரை நோன்பு இருப்பார்கள். அவள் மட்டும் மதியம் சாப்பிட்டாக வேண்டும். மருத்துவர் எழுதிக் கொடுத்த உணவு அட்டவணை சமையலறைக் கதவில் ஒட்டப்பட்டது.

ஆனி மாதம் அவள் போன் செய்தாள்.

“அம்மா, ஒரு வெள்ளிக்கிழமை வர்றீங்களா?”

“சனிக்கிழமை வர்றேனே. ஸ்கூல் இருக்கு.”

“வெள்ளிக்கிழமை. அன்னைக்கு நான் மட்டும் தனியா உக்காந்து சாப்பிடணும். முடியல.”

அடுத்த வெள்ளிக்கிழமைக்கு விடுப்பு எழுதிக் கொடுத்தேன். வீட்டு நாட்காட்டியில் அந்தக் கட்டத்தில் கார்த்திகை என்று சிவப்பு மையில் போட்டிருந்தது. அவளிடம் சொன்னால் வர வேண்டாம் என்பாள். சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் போதும், அவள் சாப்பிடுவாள் என்று நினைத்தேன்.

வெள்ளனே கிளம்பினேன். இல்லத்தின் வாசலில் நின்று மணியை அடித்தேன். நான் நினைத்ததைவிடச் சத்தம் பெரிதாக வந்தது. பின்பக்கம் சமையல்கார அம்மாள் யாரையோ விரட்டிக்கொண்டிருந்தார். “ஏலே, போ அங்கிட்டு. முட்டைக்கோசு ஒனக்கா போட்டு வச்சிருக்கு?” எட்டிப் பார்த்தால் பாத்தியோரத்தில் ஒரு காட்டுமாடு, அவர் சொன்னதைப் பொருட்படுத்தாமல் மென்றுகொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும், “டீச்சருக்கு இன்னைக்குத்தான் மணி கண்ணுக்குத் தெரிஞ்சிருக்கு” என்றார்.

மேசையில் இரண்டு தட்டு இருந்தது. சோறு, பீன்ஸ் பொரியல், ரசம், அட்டவணைப்படி ஒரு முட்டை. முட்டை அவள் தட்டில் மட்டும். மகள் எனக்குப் பரிமாறிவிட்டு எதிரே உட்கார்ந்தாள். புருவத்துத் தழும்பு வெளுத்திருந்தது. கைகளை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

“நீ சாப்பிடு” என்றேன்.

“விருந்தாளி மொதல்ல.”

நான் சோற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் சுவரில் இருந்த நாட்காட்டியைப் பார்த்தாள்; மாதா படம் போட்டது, அதில் கார்த்திகை இருக்காது. ஆனால் அவள் விடுதியில் வளர்ந்த பெண். கூட்டம் எந்த நாளில் வரும் என்று கணக்கு அவளுக்குத் தெரியும்.

“அம்மா, இன்னைக்குக் கார்த்திகை இல்ல?”

“ஆமா.”

“விரதமா?”

“ஆமா.”

“எதுக்கு?”

நான் அவள் புருவத்துத் தழும்பைப் பார்த்தேன். அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவளுடைய கை மேசை மேல் வந்தது. தட்டைத் தொடவில்லை, தட்டின் விளிம்புக்கு ஒரு விரல் தள்ளி நின்றது. நான்கு வருடங்களாக எனக்குத் தெரிந்த கை அது. அடுத்த நொடியில் தட்டைத் தள்ளிவிட்டு, பரவாயில்லைம்மா, சாயங்காலம் ரெண்டு பேரும் சேர்ந்து சாப்பிட்டுக்கலாம் என்று சொல்லிவிடுவாள்.

நான் ரசத்தை ஊற்றிப் பிசைந்து முதல் கவளத்தை வாயில் போட்டேன். காலையிலிருந்து காய்ந்திருந்த தொண்டையில் மிளகு உறைத்தது. இருமல் வந்தது. அவள் தண்ணீர் டம்ளரை என் பக்கம் நகர்த்தினாள்.

“பாவம் யாருக்கும்மா?” என்று கேட்டாள். சிரிக்கவில்லை, ஆனால் சிரிப்புக்குப் பக்கத்தில் இருந்தாள்.

“பேசாம சாப்புடு. ஆறிப் போகுது.”

அவள் சாப்பிட ஆரம்பித்தாள். மெதுவாக, முட்டையை நான்காக வெட்டி, ஒவ்வொரு துண்டுக்கும் இடையில் நிறுத்தி. நான் அவள் தட்டைப் பார்க்காமல் என் தட்டைப் பார்த்தேன். மூச்சை எண்ணவில்லை. அடுப்படியில் அந்த அம்மாள் பாத்திரம் தேய்க்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நான் இரண்டாவது முறை சோறு கேட்டேன். பசி இல்லை, நான் எழுந்தால் அவளும் எழுந்துவிடுவாள்.

முடித்தபோது அவள் தட்டில் கொஞ்சம் பீன்ஸும் முட்டையில் கால்வாசியும் மிச்சம் இருந்தன. பார்க்கக் கூடாது என்று நினைத்தும் பார்த்துவிட்டேன். இரண்டு தட்டையும் அவளே எடுத்துப்போய்க் கழுவி வைத்தாள்.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்து செருப்பைக் கழற்றும்போது கணவர் கேட்டார், “சாப்புட்டாளா?”

“சாப்பிட்டோம்” என்றேன்.

அவர் நாட்காட்டியை ஒரு முறை பார்த்துவிட்டு, விடுதிச் சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு வெளியே போனார். அதன் பிறகு முடிந்த வெள்ளிக்கிழமைகளில் எல்லாம் போகிறேன். நோட்டில் ஐந்தாவது வரியின் வலது பக்கம் இன்னும் வெற்றாகத்தான் இருக்கிறது.